முறிந்த உறவும் முடங்கிய உடலும்



ஆண்டுக் கணக்கில் வளர்ந்த ஒரு காதல் முறிந்துபோகிறது. அல்லது, பெரியவர்கள் பேசி முடித்து, கோவிலில் ஓலைகளும் வாசித்த பிறகு ஒரு திருமணம் நின்றுபோகிறது. அந்த வீட்டில் அடுத்த சில வாரங்களுக்கு என்னென்ன பேசப்படும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தவறு யார்மீது, மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வருமா, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், அடுத்த வரனை எப்போது பார்ப்பது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் அந்த மகனோ மகளோ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். காலையில் வைத்த இட்லி மாலைவரை அப்படியே காய்ந்து கிடக்கும். சில வாரங்கள் கழித்து நிலைமை தலைகீழாக மாறும். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் குளிர்பானமும் வீட்டு வாசலுக்கு வரும். நடப்பது நின்றுபோகும், விளையாட்டு நின்றுபோகும். ஆறு மாதத்தில் சட்டைப் பொத்தான் பூட்டாது. அல்லது கன்னம் ஒட்டிப்போய் ஆளே அடையாளம் தெரியாது. உள்ளத்துக்கு ஏற்பட்ட காயத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அதோடு சேர்ந்து அடிபட்ட உடலைப் பற்றி, "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேட்கும் தாயைத் தவிர, வேறு யாரும் அதிகம் பேசுவதில்லை. உறவு முறிந்த ஒருவர் மறுபடியும் ஒழுங்காகச் சாப்பிடவும், நடக்கவும், உடலைத் தேற்றவும் ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது? அதை இன்று சிந்திப்போம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

"இதெல்லாம் மனம் சம்பந்தப்பட்டது. மனதைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும்" என்று பலர் அறிவுரை சொல்வார்கள். இது பாதி உண்மைதான். பெரிய இழப்பு ஒன்று நேரும்போது, ஆபத்தை எதிர்கொள்வதற்கான சுரப்பிகளை உடல் முடுக்கிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு சுருண்டு பசி மறைகிறது. முதல் சில நாள்கள் சோறு இறங்காததற்கு இதுவே காரணம். துயரம் வாரக் கணக்கில் நீடிக்கும்போது கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்தே நிற்கிறது. அது பலருக்குப் பசியைக் கூட்டும். குறிப்பாக இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் தேட வைக்கும்.

தூக்கம் கெடுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல உடல்நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு 28 விழுக்காடு உயர்ந்தது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. இரண்டே இரவில் இப்படி என்றால், இரண்டு மாதம் விடியவிடியக் கைப்பேசியில் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பவரின் நிலை என்ன?

அமெரிக்காவில் எலன் ஃபிஷர் என்னும் மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். அண்மையில் காதலில் கைவிடப்பட்ட 15 பேரிடம் அவர்களுடைய முன்னாள் துணையின் புகைப்படத்தைக் காட்டி, மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். போதைப்பொருளுக்கு ஏங்கும்போது மூளையில் தூண்டப்படும் பகுதிகள் அப்போதும் தூண்டப்பட்டன. எனவே, "அவளை மறக்க முடியவில்லை, ஃபாதர்" என்று ஓர் இளைஞர் அழும்போது அவர் நாடகமாடவில்லை. குடியை விட்ட ஒருவரின் உடல் படும் பாட்டைப் போன்ற ஒன்றை அவருடைய உடலும் படுகிறது.

மிகுந்த துயரம் இதயத் தசையையே தற்காலிகமாகப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அப்போது இதயத்தின் இடது கீழறை, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானையைப் போல உப்பிவிடுவதால் 'டகோட்சுபோ' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். ஆயினும், துயரத்தில் இருப்பவர் நெஞ்சுவலி என்று சொன்னால், "கவலையால்தான்" என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உறவு முறிந்தபின் உடல் முடங்குவது சோம்பலும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. அது ஒரு காயம். காயத்துக்குத் திட்டு மருந்தாகாது; பராமரிப்புதான் மருந்து.

சூரைச்செடியின் அடியில்

விவிலியத்தில் இதை அழகாகக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். தம் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் பயணம் போகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, வாழ்ந்தது போதும், சாக வேண்டும் என்று மன்றாடுகிறார். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறார்.

வானதூதர் வருகிறார். வந்தவர் என்ன செய்தார்? விசுவாசத்தைப் பற்றி மறையுரை ஆற்றவில்லை. கோழை என்று கடிந்துகொள்ளவில்லை. தொட்டு எழுப்பி உண்ணச் சொன்னார். தலைமாட்டில் சுடப்பட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் வந்தார். செல்ல வேண்டிய வழி நெடியது என்று சொல்லி மீண்டும் உண்ணச் செய்தார். அதன் பிறகே எலியா எழுந்து, நாற்பது நாள் இரவும் பகலும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். உறக்கம், உணவு, மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு, பின்பு நடை. கடவுளின் மெல்லிய குரலை அவர் கேட்டது அதற்கும் பிறகுதான். நம் வீடுகளிலோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். முதல் நாளே பெரிய பெரிய அறிவுரைகள். சோறும் தூக்கமும் கடைசியில்.

இது ஒருசந்தி அல்ல

இங்கே ஒரு கருத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்தியுள்ள சில பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், உறவு முறிந்ததும் "நான் ஒருசந்தி இருக்கிறேன்" என்று சொல்லிச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள். வீட்டாரும் பக்தி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஒருசந்தி என்பது கடவுள்மீதும் பிறர்மீதும் கொண்ட அன்பினால், முழு மனதோடு ஏற்கும் ஒறுத்தல். அதில்கூட ஒருவேளை முழு உணவு உண்ணத் திருச்சபை அனுமதிக்கிறது. நோயுற்றவர்களை அது கட்டாயப்படுத்துவதும் இல்லை. "எனக்கு என்மேலேயே வெறுப்பு, இந்த உடல் எப்படிப் போனால் என்ன?" என்று பட்டினி கிடப்பது ஒருசந்தி ஆகாது. அது காயப்பட்டவர் தமக்குத்தாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. நம் உடல் தூய ஆவியார் தங்கும் கோவில் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். இருட்டாகி ஒட்டடை படிந்த கோவிலை நாம் இடித்துப்போடுவதில்லை. கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றுகிறோம்.

எந்த நோக்கம் நிலைக்கும்?

சில வாரங்கள் போனபின் பலருக்கும் ஒரு வேகம் வரும். "நான் உடம்பைக் குறைத்து, ஜிம்முக்குப் போய், அழகாகி, என்னை விட்டுப் போனவர் பார்த்து ஏங்கும்படி செய்கிறேன்" என்பார்கள். குண்டு என்றும் கறுப்பு என்றும் சொல்லி ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்த வைராக்கியம் இன்னும் அதிகம். அந்த வலி நியாயமானது. அதை யாரும் கேலி செய்யக் கூடாது. இந்த வேகம் முதல் இரண்டு வாரம் அதிகாலையில் எழுப்பியும் விடும்.

ஆனால், அது நிலைக்காது. காரணம் எளிது. அந்த முயற்சிக்கு மதிப்பெண் போடும் அதிகாரத்தை, விட்டுப்போனவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அவர் பார்க்கவில்லை என்றால் சோர்வு வரும். பார்த்தும் பேசாமல் போனால் மீண்டும் பரோட்டா. அவருக்கு வேறிடத்தில் திருமணம் என்ற செய்தி வந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது. மேலும், அவசரமாக அழகாக வேண்டும் என்பவர்கள்தாம் ஆபத்தான வழிகளில் இறங்குகிறார்கள். நாள் முழுதும் எலுமிச்சைச் சாறு மட்டும் குடிப்பது, யாரோ விற்கும் எடைக் குறைப்புப் பொடி, தசை வளர ஊசி என்று போய்ச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பின் எந்த நோக்கம் நிலைக்கும்? நம்முடைய நாளைய வாழ்வோடு கட்டப்பட்ட நோக்கம் நிலைக்கும். "மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது", "இரவுப் பணிக்குப் போக எனக்குத் தெம்பு வேண்டும்", "அப்பாவுக்கு இருக்கும் சர்க்கரை நோய் எனக்கு முப்பது வயதிலேயே வரக் கூடாது" என்பவை நல்ல நோக்கங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இருபத்தைந்து வயதில் துயரத்தால் தொடங்கிய பழக்கம், நாற்பது வயதில் நோயாக வந்து நிற்க நாம் இடம் தரலாமா?

இன்னொரு முக்கியமான உண்மையும் உண்டு. ஊக்கம் வந்தபின் எழுவோம் என்று காத்திருப்பவருக்கு ஊக்கம் வருவதே இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள், முதலில் ஒரு சிறு செயலைச் செய்ய வைக்கிறார்கள். மனம் அதன் பின்னால் மெல்ல வருகிறது. கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்குப் போவதுதான் முதல் படி. போக விருப்பம் இருக்கிறதா என்று மனதைக் கேட்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டினால் போதும்.

நடையில் தொடங்குவோம்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 150 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகநடை போதும். பணம் கட்டி ஜிம்மில் சேர வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாமே தசைக்கு வேலைதான்.

முதல் நாளே அரை மணி வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். காலை வெயிலில் நடப்பது இரவுத் தூக்கத்தையும் சீராக்கும். நடக்கும்போது கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். அவரும் நீங்களும் சேர்ந்து நடந்த தெருவைச் சில மாதங்களுக்குத் தவிர்த்து வேறு வழியில் போங்கள்.

இதனால் மனம் தேறுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 156 பேரைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதியினருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரத்தின் முடிவில் மூன்று பிரிவினருமே ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். மாத்திரை விரைவாக வேலை செய்தது. நடை கொஞ்சம் மெதுவாக வந்து சேர்ந்தது. ஆனால், மருத்துவர் தந்த மாத்திரையை நாமாக நிறுத்தலாம் என்பது இதற்குப் பொருள் அல்ல.

ஒரு பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். ஆகவே ஒரு நாள் நடக்காமல் விட்டுவிட்டால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சோர வேண்டாம். எலியாகூட முதல் முறை எழுப்பியபின் திரும்பப் படுத்தவர்தாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

முதல் விதி, வேளை தவறாமல் உண்பது. பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் தட்டின் முன் உட்காருங்கள். முழுச் சாப்பாடு இறங்காத நாள்களில் கம்பங்கூழ், ராகிக் கஞ்சி, மோர்சாதம், ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உண்ணலாம். வெறும் வயிற்றில் நாலு டீ குடித்து நாளைத் தள்ளுவது படபடப்பையே கூட்டும்.

இரண்டாவது, தட்டைப் பிரித்துக்கொள்வது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தட்டில் ஏறக்குறையப் பாதி காய்கறி, கீரை, பழங்களாக இருக்க வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் சோறு மலைபோலவும் பொரியல் ஊறுகாய்போலவும் இருக்கும். இதைக் கொஞ்சம் மாற்றினால் போதும். முருங்கைக்கீரை, அவரைக்காய், சுண்டல், பருப்பு, மத்தி மீன், கொய்யாப்பழம் எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவையே. விலையுயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

மூன்றாவது, நல்ல உணவு மனதுக்கும் உதவும் என்பதை அறிவது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் மனச்சோர்வுள்ள 67 பேர் பங்கேற்றார்கள். காய்கறி, பயறு, மீன், முழுத்தானியம் என்று உணவை மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 12 வாரத்தில் சோர்விலிருந்து மீண்டார். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். இது சிறிய ஆய்வுதான். ஆயினும் நம்பிக்கை தருவது.

நான்காவது, மதுவைத் தொடாதிருப்பது. துயரத்தை மறக்கக் குடிப்பதாகச் சொல்வார்கள். குடி ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கிறது. மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்குகிறது. எடை குறைக்க வேண்டியவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம். சர்க்கரை நோய், தைராய்டு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குடும்பத்தாருக்கும் பங்கு மக்களுக்கும்

எங்கள் பங்கில் பாடகர் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குத் திருமணம் நின்றுபோனது. கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அதே குழுவில் தபேலா வாசிக்கும் நண்பர் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். எதுவும் விசாரிக்க மாட்டார். "வாடா, பேருந்து நிலையம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்பார். பல நாள் அவர் வரவில்லை. நண்பர் தனியாக நடந்துவிட்டு மறுநாளும் வந்து நின்றார். பிறகு இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நடையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். தம் பணியாளரை விட்டுவிட்டு எலியா பாலைநிலத்துக்குத் தனியாகப் போனார். நம் பிள்ளைகளைத் தனியாகப் போகவிட வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளையோடு ஒன்றாக அமர்ந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் அடுத்த வரனைப் பற்றிப் பேச வேண்டாம். அன்பிய உறுப்பினர்களே, கோவில் வாசலில் பார்க்கும்போது, "என்ன இப்படி இளைச்சிட்டே?", "என்னம்மா இப்படி ஊதிட்டே?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே ஞாயிறு திருப்பலிக்கு வராதவர்கள் உண்டு. திருமண ஒப்பந்தம் முறிந்தது என்பதற்காக ஒருவரைத் திருமணம் செய்யும்படி திருச்சபைச் சட்டமே கட்டாயப்படுத்துவதில்லை. அப்படியிருக்க, அவரைக் குற்றவாளியாகப் பார்க்க நாம் யார்?

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் நாட்டமின்றிக் கிடப்பது, உணவை முற்றிலும் ஒதுக்குவது, உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பது, எடை மளமளவெனக் குறைவது, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுவது ஆகியவை மருத்துவ உதவி தேவை என்பதற்கான அடையாளங்கள். அப்படிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. எலியாவிடம் கடவுள் ஒரு தூதரை அனுப்பினார். நம்மிடம் ஒரு மருத்துவரை அனுப்பலாம் அல்லவா?

அன்புத் தம்பி, அன்புத் தங்கையே! யாயிரின் மகள் உயிர்பெற்று எழுந்தபோது, சுற்றி நின்றவர்கள் மலைத்துப்போய் நின்றார்கள். அவளுக்கு உணவு கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தவர் இயேசு ஒருவரே. உங்கள் பசியும் தூக்கமும் கடவுளுக்கு அற்பமானவை அல்ல. இன்று இரவு கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டு நேரத்தோடு படுங்கள். நாளைக் காலை ஏதாவது உண்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்து வாருங்கள். நாளை மறுநாளும் அதையே செய்யுங்கள். ஓரேபு மலையை அடைந்த எலியாவுக்குக் கடவுள் புதிய பணிகளைக் கொடுத்தார். எலிசாவைத் துணையாகவும் கொடுத்தார். உங்களுக்கும் செல்ல வேண்டிய வழி நெடியது. அதை நடந்து முடிக்கும் வலிமையை நல்ல ஆண்டவர் உங்கள் உள்ளத்துக்கும் உடலுக்கும் தருவாராக.